மதினியின் தாடை உளைச்சல்

எனாமல் தட்டில் பல் விழுகிற சத்தம் எனக்குப் பழகிப்போன ஒன்று. நாற்பது வருடங்களுக்கு மேல் பல் பிடுங்கியவனுக்கு அது காதில் விழவே விழாது. ஆனால் ஒரு பல் விழுந்த சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல். இரண்டு வேர்களும் நுனி உடையாமல் முழுசாக வந்தன. மேலே ஒரு சிறு குழி, அதில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பு. கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கை சுத்தமாக வேலை செய்திருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. இவ்வளவு நல்ல வேர் உள்ள பல்லுக்கு என்ன கேடு வந்து அதைப் பிடுங்கினோம் என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அந்தப் பல் என் அண்ணன் மனைவியுடையது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மதினி என்போம்.

எழுபதுகளின் கடைசியில் மதராஸில் பல் மருத்துவம் படித்து முடித்துவிட்டு, சங்கரன்கோவிலில் அண்ணன் வீட்டு மாடியிலேயே கிளினிக் போட்டேன். கீழே அண்ணனின் உரக்கடை. மாடியில் தெருவைப் பார்த்த அறை எனக்கு. அதற்குப் பின்னால் மூன்று அறைகளும் அடுக்களையுமாக வீடு. மாடிக்கு ஒரே படிக்கட்டுதான். பல்வலிக்காரர்களும் அதில்தான் ஏறி வர வேண்டும். வீட்டுக்கு வேண்டிய அரிசி, விறகு, தண்ணீர் எல்லாமும் அதில்தான் ஏறியாக வேண்டும். கீழேயிருந்து வரும் உர வாடையும் என் அறையின் கிராம்புத் தைல வாடையும் படிக்கட்டில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சிவகிரியிலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் கன்னத்தில் கை வைத்தபடி படியேறுவார்கள். பல் பிடுங்குகிற குறட்டை வைத்து எனக்குக் கொறடு டாக்டர் என்று பெயர். எக்ஸ்ரே எடுக்கத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். பல்லைக் காப்பாற்றலாம், நாலு தடவை வாருங்கள் என்றால் மறுபடி ஆள் வராது. "புடுங்கி எறிங்கய்யா, சவத்த" என்பார்கள். நானும் பிடுங்கி எறிந்தேன்.

மதினி கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பல் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, பல்லைப் பார்க்கிறதற்கு ஒரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனே யோசித்தார். மதினிதான், "வலிச்சவனுக்குல்லா தெரியும் அது படிப்பா இல்லியானு" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவைத்தாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் அதில் ஒரு குத்தல் இருக்கும். வீட்டுக்குள் என்னைத் தம்பி என்பவள், கிளினிக் வாசலில் கால் வைத்ததும் டாக்டரய்யா என்பாள். ஆட்கள் காத்திருக்கும்போது அப்படிச் சொல்லிவிட்டு, முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள் பாருங்கள், எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடு.

அந்த வருடங்களில் ஊரில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. தெருக்குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருக்கோடியில் இருந்த அடிபம்புதான் எல்லா வீட்டுக்கும் கதி. காலையில் மதினி போய் வரிசையில் நின்று, அடித்து நிரப்பி, குடத்தை இடது இடுப்பில் ஏற்றி, இடது கையால் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வருவாள். தெரு நீளத்துக்கு நடந்து, பிறகு படி ஏறி, அடுக்களைத் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி இறங்குவாள். ஒரு நாளைக்குப் பத்து நடை, பன்னிரண்டு நடை. நான் அந்த நேரத்தில் கிளினிக்கைத் திறந்து சாமான்களைக் கொதிக்கப் போட்டிருப்பேன். குடம் ஏறுவதும் இறங்குவதும் காதில் விழும். கீழே உரக்கடையில் மூட்டை சுமக்கிற ஆள் ஒருவர் இருந்தார். நாற்பது வயது, கல்லுப் போல உடம்பு. லோடு வராத நாட்களில் கடை வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டித்தான் மதினி குடத்தோடு படியேறுவாள். எங்களில் யாருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. தண்ணீர் எடுக்கிறது பொம்பளை வேலை, மூட்டை தூக்குகிறது ஆம்பளை வேலை. அப்படித்தான் எல்லா வீட்டிலும் இருந்தது.

ஒரு தை மாதம் முடிந்திருக்கும். படியில் ஏறுகிற காலடி நடுவில் நிற்பதைக் கவனித்தேன். படி திரும்புகிற இடத்தில் ஒரு சின்னத் தளம் உண்டு. அங்கே மதினி நின்றுவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறுவாள். முதலில் எப்போதாவது நின்றவள், பிறகு ஒவ்வொரு நடைக்கும் நிற்க ஆரம்பித்தாள். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். குடத்தைச் சுவரோடு அண்டக் கொடுத்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல தம்பி. தாடை உளையுது. நின்னா விட்டுரும்."

இந்தச் சொல்லைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வலிக்கு ஒரே சொல் கிடையாது. பல் கடுக்கும், கூசும், தெறிக்கும். தலை இடிக்கும். புண் காந்தும். உளைவது கையும் காலும் இடுப்பும்தான். நாள் முழுக்கக் களை எடுத்தவளுக்கு இடுப்பு உளையும். நடந்தே ஊர் போய் வந்தவனுக்குக் கெண்டைக்கால் உளையும். சக்திக்கு மீறி வேலை வாங்கப்பட்ட சதைக்குச் சொல்கிற சொல் அது. பல் உளைகிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. நான் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வருடக்கணக்கில் இங்கிலீஷில் படித்துவிட்டு வந்த மண்டை. மதினி தாடை உளைகிறது என்றாள். என் கை நோயாளி அட்டையில் பல் வலி, இடது, கீழ் என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டது.

நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் அந்தக் குழி தெரிந்தது. பிடித்துவிட்டேன் திருடனை என்று நினைத்தேன். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் பல்லைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். கெட்ட பல்லாக இருந்தால் ஆள் துள்ளிவிடுவார். மதினி துள்ளவில்லை. "வலிக்கா?" என்றேன். "இப்ப இல்ல. குடம் தூக்குனாத்தான் வரும்" என்றாள். நான் சிரித்தேன். "கொறட்டப் பாத்ததும் வலி பயந்து ஓடிட்டுது போல" என்றேன். அவளும் சிரித்தாள். குடம் தூக்கும்போது பல்லைக் கடிக்கிறாள், கடிக்கும்போது சொத்தைப் பல் அழுந்துகிறது, அதனால் வலி. எல்லாம் பொருந்தி வந்தது. அன்றைக்கே பிடுங்கினேன்.

பல் பிடுங்கியவர்களுக்கு நான் சொல்கிற புத்திமதி ஒன்று உண்டு. குனிந்து கனம் தூக்காதே, ரத்தம் உடைத்துக்கொள்ளும். ஒரு நாள் இரண்டு நாள் போதும். மதினி என்பதால் நான் கறாராக ஒரு வாரம் என்றேன். அண்ணனிடமும் டாக்டர் தோரணையில் சொன்னேன். அண்ணன் முணுமுணுத்துவிட்டு மூட்டை தூக்குகிறவரைத் தண்ணீருக்கு அனுப்பினார். அவருக்கு இடுப்பில் குடம் வைக்க வராது. தோளில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தெருவில் வந்தார். அடிபம்பில் பெண்கள் அவரை விடவில்லை. "அண்ணாச்சி, பூ வச்சு விடட்டுமா?" என்று கேட்டார்களாம். மதினி இதைக் கேட்டு, வாயில் பஞ்சோடு, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படி உட்கார்ந்து சிரித்து நான் பார்த்தது குறைவு.

அந்த ஒரு வாரமும் தாடை உளையவே இல்லை. "எப்படி இருக்கு மதினி?" என்று தினமும் கேட்பேன். "சுத்தமா இல்ல தம்பி. கை ராசிதான்" என்பாள். நான் நம்பினேன். வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். வலி போனது பல்லைப் பிடுங்கியதால் அல்ல, குடம் தூக்காததால் என்று எனக்கு விளங்கவில்லை. எட்டாவது நாள் கடைக்கு லோடு வந்தது. மதினி குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

நாலைந்து நாளில் படி திரும்புகிற இடத்தில் காலடி மறுபடி நின்றது. இந்த முறை அவளாகவே, நடை பாதியில் குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, என் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "இப்ப இருக்கு தம்பி. இப்பப் பாரு. கையும் கூடச் சேந்து உளையுது" என்று இடது கையை நீட்டினாள். "குடத்தைக் கட்டிப் புடிச்சா கை உளையாம என்ன செய்யும்? வலது இடுப்புல வச்சுப் பாக்கக் கூடாதா?" என்றேன். "வச்சுப் பாத்தாச்சு. அப்பவும் இடது கைதான் உளையுது" என்றாள். அதை நான் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பழக்க தோஷம் மதினி என்றேன். பிடுங்கின பல்லுக்கு அடுத்த பல்லைச் சந்தேகப்பட்டு, இடம் மரத்துப்போக ஊசி போட்டேன். இரண்டு நிமிடம் கழித்து, உதடு தடித்த மாதிரி குழறிக்கொண்டு சொன்னாள்.

"உதடு மரத்துட்டு. நாக்கும் மரத்துட்டு. உள்ள மட்டும் இன்னும் உளையுதே."

பல் படிப்பில் முதல் பாடங்களில் ஒன்று இது. மருந்து போட்டு இடம் மரத்த பிறகும் வலி இருந்தால் வலியின் வேர் அங்கே இல்லை, வேறெங்கோ தேடு. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். இன்னொரு ஊசி போட்டேன். அது போட்டு முடிப்பதற்குள் அவள் நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. வலி விட்டுவிட்டது. இரண்டாவது ஊசி வேலை செய்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பல்லையும் பிடுங்கினேன். அதில் குழிகூட இல்லை. மறுபடி ஒரு வாரம் மூட்டைக்காரர் தோளில் குடம். மறுபடி மதினிக்கு வலி இல்லை. மறுபடி நான் கெட்டிக்காரன்.

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. நான் முட்டாள் இல்லை. அக்கறை இல்லாதவனும் இல்லை. மதினி மேல் எனக்கு உயிர். ஆனால் கையில் கொறடு இருந்தது, கண் முன்னால் பல் இருந்தது. நெஞ்சு வலிக்கிறதா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. நெஞ்சு நோய் என்றால் எங்களுக்கெல்லாம் மில் முதலாளிக்கோ தாசில்தாருக்கோ வருவது. நாற்பத்தாறு வயதில், ஒல்லியாக, ஓடியாடி வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு அது வரும் என்று சொன்னால், ஊரில் மற்ற டாக்டர்களும் அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் கோயில் திருவிழாவான ஆடித் தபசு என்றால் வீட்டுக்கு வீடு விருந்தாள். அந்த வருடம் எங்கள் வீட்டுக்குப் பதினாறு பேர் வருவதாக இருந்தது. ஆளுக்குக் குளிக்கத் தண்ணீர், சமைக்கத் தண்ணீர், பாத்திரம் கழுவத் தண்ணீர். தபசுக்கு நாலைந்து நாள் முன்னால் ஒரு காலையில், கிளினிக்கில் ஆள் வருவதற்கு முன்னாலேயே மதினி வந்து நின்றாள். நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தாள்.

"டாக்டரய்யா, இன்னொரு பல்லையும் புடுங்கிருங்க."

"எந்தப் பல்லு?"

"நீங்களே பாத்து ஏதாவது ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏதாவது ஒண்ணா? கத்தரிக்காயா மதினி பொறுக்கி எடுக்க?" என்றேன். "வீடு நிறைய ஆளு வாராவ. வாயில பஞ்ச வச்சுக்கிட்டு எப்படிப் பந்தி கவனிப்பிய? தபசு முடியட்டும், பாத்துக்கிடலாம்." அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, முடியட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தபசு நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலையில் விருந்தாட்கள் ஊருக்குக் கிளம்ப அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தேன். காலடி ஏறி வந்தது, படி திரும்புகிற இடத்தில் நின்றது. தினமும் நிற்பதுதானே என்று நான் தலையைத் திருப்பவில்லை. பிறகு குடம் உருளுகிற சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் படி படியாக இறங்கிக்கொண்டிருந்தது. மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். கழுத்தில் தொட்டுப் பார்த்தேன். கீழேயிருந்து அண்ணன், "என்னலே சத்தம்?" என்று கேட்டது இன்னும் காதில் அப்படியே இருக்கிறது.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். கூடியிருந்த பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "நெஞ்சு வலினு ஒரு நாளு சொன்னதில்லியே, இது என்ன மாரடைப்பு?" என்றார்கள். திருவிழாக் கூட்டத்தில் கண் பட்டுவிட்டது என்றார்கள். யாரும் தாடையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. பல் ஒரு கதை, சாவு ஒரு கதை என்றுதான் அழுதுகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலியில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். இதய டாக்டர் ஒருவர் கரும்பலகையில் படம் போட்டுப் பேசினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான பேச்சு. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் சொக்கிக்கொண்டுதான் இருந்தேன். இதயத்தைத் தொட்டால் அதற்குத் தெரியாது, கீறினாலும் தெரியாது என்று அவர் ஆரம்பித்தார். அதற்குத் தெரிகிற வலி முக்கியமாக ஒன்றுதான். வேலை அதிகமாகி, ரத்தம் போதாமல் போகும்போது, பட்டினி கிடக்கிற சதையிலிருந்து சில ரசாயனங்கள் கசிகின்றன. அவை பட்டதும் இதயத்துக்குள் இருக்கிற நரம்பு நுனிகள் விழித்துக்கொள்கின்றன. அந்தச் சேதியைச் சில நரம்புகள் முதுகுத்தண்டுக்குக் கொண்டுபோகின்றன. இடது கையிலிருந்து வருகிற நரம்புகளும் அதே இடத்தில்தான் நுழைகின்றன. வேறு சில நரம்புகள் மேலே ஏறி மூளையின் அடித்தண்டுக்குப் போகின்றன. தாடையின் நரம்புக்கும் அக்கம்பக்கம் அதுதான். மூளைக்கு இதயத்திடமிருந்து சேதி வந்து பழக்கமில்லை. கையும் பல்லும்தான் அதற்குப் பழக்கமான வீடு. அதனால் வந்த வலியைத் தெரிந்த வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. எங்கள் ஊரில் அம்மன் பெயரை வைத்துத் தெருவுக்கு நாலு கோமதி இருப்பார்கள். புதுத் தபால்காரர் எந்தக் கோமதிக்குக் கடிதம் வந்தாலும் முதல் கோமதி வீட்டில் போடுவார். அந்த மாதிரி.

அவர் சிரித்துக்கொண்டே, பல் டாக்டர்கள் யாராவது இருக்கிறீர்களா, உங்களிடம் வருகிற தாடை வலியில் எப்போதாவது ஒன்று எங்களுக்கு வர வேண்டியது, கொறட்டை எடுக்கும் முன்னால் படி ஏறினால் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார். சபை சிரித்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். இதயமும் சதைதான். சக்திக்கு மீறி வேலை வாங்கப்பட்ட சதை. மதினி சொன்னது எவ்வளவு சரியான சொல்! அவள் நரம்பு இடத்தைத்தான் மாற்றிச் சொன்னதே தவிர, நோயை அச்சாகச் சொல்லிவிட்டது. என் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி, ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. நடந்தால் வருகிறதா, நின்றால் விடுகிறதா, கை உளைகிறதா. பல் டாக்டர் ஏன் கையை விசாரிக்கிறார் என்று விழிப்பார்கள். சில பேரைத் திருநெல்வேலிக்கு அனுப்பியும் வைத்தேன். பிழைத்து வந்து கும்பிட்டவர்கள் உண்டு. அவர்கள் கும்பிடும்போது எனக்கு அவமானமாக இருக்கும். ஏனென்றால் நான் அண்ணனிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்களை ஓட்டினேன். ஒவ்வொரு ஆடியிலும் மதினிக்குத் திவசம் வரும். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். உங்கள் பெண்டாட்டியின் நல்ல பல் இரண்டைப் பிடுங்கினேன், நோயைக் கோட்டை விட்டேன், அவளே வந்து மூன்றாவது முறை கேட்டபோதும் ஏன் என்று விசாரிக்காமல் கேலி பேசி அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது?

அண்ணனுக்கு எண்பது நடந்த வருடம், திவசச் சாப்பாடு முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, சொன்னேன். அதற்குள் உரக்கடை அண்ணன் மகன் கைக்குப் போயிருந்தது. மாடியில் அறைக்கு அறை குழாய் வந்திருந்தது. கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நரம்பு, தாடை, ஊசி, இரண்டு பல், மூன்றாவது பல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏதோ பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி வேகமாகச் சொல்லி முடித்தேன். அண்ணன் திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றார்.

"அவளுக்குப் பல்லு வலிக்கலைனு எனக்குத் தெரியும்லே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மூணாவது பல்லுக்கு உங்கிட்ட வந்தாள்லா, அதுக்கு முந்தின நாளு எங்கிட்டச் சொன்னா. 'விருந்தாளு வாரதுக்குள்ள கொழுந்தன்ட்டச் சொல்லி இன்னொரு பல்லப் புடுங்கிக்கிடுதேன். ஒரு வாரம் குடம் தூக்காம இருக்கலாம்'னா. நான் சிரிச்சேன். 'வாரத்துக்கு ஒண்ணுனு புடுங்குனா எத்தன பல்லுட்டி மிஞ்சும்?'னு கேட்டேன். 'முப்பது இருக்கு, முப்பது வாரம் உக்காரலாம்லா'ன்னா."

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முடியலைனு அவ சொன்னது அது ஒண்ணுதான். எனக்கு அது வேடிக்கையாத் தெரிஞ்சுது. கீழ ஒரு ஆளு சும்மாதான உக்காந்திருந்தான். நீ நாளைலருந்து தூக்காதன்னு சொல்ல எனக்கு என்ன கேடு?" என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன். நான் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"நீயாவது அவளுக்கு ரெண்டு வாரம் குடுத்த. நான் அதுவும் குடுக்கல."